30, 15, 5, 1: ஜேமி ஆலிவரின் எந்தப் புத்தகத்தில் சமையலைத் தொடங்குவது?

அக்கா மகன் ஷெஃபீல்டில் படிக்கப் போயிருக்கிறான். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குப் போன் செய்தான். "சித்தி, மூணு நாளா டோஸ்ட்டும் டின் பீன்ஸும்தான். ஜேமி ஆலிவர் புக் ஏதாவது வாங்கலாம்னு பார்த்தா ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர் போட்டிருக்கு. நான் எதை வாங்கட்டும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இருபது வருடமாக பிரிட்டனில் சமைக்கிறேன், இந்த நாட்டு டிவி சமையல்காரரான ஜேமியின் புத்தகங்கள் ஆறு என் அலமாரியில் இருக்கின்றன. ஆனாலும் உடனே பதில் வரவில்லை. எல்லாம் சுலபமான வீட்டுச் சமையல் என்றுதான் சொல்கின்றன. 30 நிமிடம், 15 நிமிடம், 5 பொருள், 7 விதம், ஒரே பாத்திரம். மறுநாள் காலை ஆறையும் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெளிவானது. அட்டையில் இருக்கும் எண் எதை எண்ணுகிறது என்று பார்த்தால் போதும், அந்தப் புத்தகம் யாருக்கானது என்று தெரிந்துவிடும். சிலவற்றில் அது கடிகாரத்தை எண்ணுகிறது, ஒன்றில் கடைப் பையை, இன்னொன்றில் கழுவ வேண்டிய பாத்திரத்தை.

ஜேமியைப் பற்றி இரண்டு வரி. 1975-ல் பிறந்தவர். எசெக்ஸில் கிளேவரிங் என்ற கிராமத்தில் அவருடைய பெற்றோர் நடத்திய பப்பின் சமையலறையில்தான் முதலில் கத்தி பிடித்தார். பிறகு லண்டனில் ஜெனாரோ கொன்டால்டோவிடம் இத்தாலியச் சமையல் கற்றுக்கொண்டு, ரிவர் கஃபே உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே 1997-ல் ஒரு ஆவணப்படம் எடுக்க வந்தவர்களின் கேமராவில் பட்டார். 1999-ல் பிபிசியில் 'த நேக்கட் செஃப்' தொடங்கியது. அந்தப் பெயர் சாப்பாட்டைப் பற்றியது. உணவகச் சமையலில் இருக்கும் அலங்காரத்தை எல்லாம் கழற்றிவிட்டு, வீட்டில் செய்ய முடிகிற அளவுக்குக் கொண்டுவருவதுதான் எண்ணம். வெள்ளைக் கோட்டு கிடையாது. கிராம் கணக்குக்குப் பதிலாக ஒரு கைப்பிடி, ஒரு சொட்டு, ஒரு சிட்டிகை. நம் அம்மாக்கள் சொல்லும் 'கண்ணளவு'தான் அது. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான்.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன்.

'30 மினிட் மீல்ஸ்' 2010-ல் வந்தது. பிரிட்டனில் அதுவரை கதையல்லாத எந்தப் புத்தகமும் அவ்வளவு வேகமாக விற்றதில்லை என்றார்கள். பலரும் அதை அரை மணி நேரத்தில் ஒரு குழம்பு என்கிற மாதிரி நினைத்து வாங்குகிறார்கள். உள்ளே இருப்பது வேறு. மொத்தம் 50 மெனு, ஒவ்வொன்றும் ஒரு முழுச் சாப்பாடு: முக்கிய உணவு, பக்க உணவு, சாலட், பலவற்றில் இனிப்பும் உண்டு. இதை முடிக்க ஃபுட் பிராசஸர் வேண்டும். கெட்டில் கொதித்திருக்க வேண்டும், ஓவன் சூடாகியிருக்க வேண்டும், பொருள்கள் எல்லாம் மேஜைக்கு வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது, இதைப் புத்தகமே முன்னால் சொல்லிவிடுகிறது. செய்முறையும் ஒன்று முடிந்து இன்னொன்று என்று போகாது. கோழி ஓவனில் இருக்கும்போது சாலட், சாலட் நடுவில் இனிப்பு என்று மாறி மாறிப் போகும்.

எனக்கு முதல் தடவை ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. வெங்காயம் நறுக்கும் வேகத்தில்தான் வித்தியாசம். தொழில்முறைச் சமையல்காரருக்கு அரை நிமிடம் ஆகிற வேலை எனக்கு இரண்டரை நிமிடம், புதிதாகக் கத்தி பிடிக்கும் பையனுக்கு ஐந்து நிமிடம். ஒரு மெனுவில் இப்படிப் பத்து இடம் வந்தால் அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகிவிடும். ஆனாலும் இந்தப் புத்தகத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுப்பு வேலையைப் பின்னிப் பின்னிச் செய்வது எப்படி என்பதை வேறு எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லித் தரவில்லை. கல்யாண வீட்டில் பத்து அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் தலைமைச் சமையல்காரரின் மூளை இப்படித்தான் ஓடும் என்று இதைச் செய்யும்போது புரிந்தது. நான்கு பேர் இருக்கும் வீடு, கூட ஒரு ஆள் உதவிக்கு, சனிக்கிழமை சாயங்காலம் என்றால் இதுதான். தனியாக ஒருவர் தொடங்குவதற்கு இது வேண்டாம்.

2012-ல் வந்த '15 மினிட் மீல்ஸ்' அதே வழியின் சுருக்கம். இனிப்பு போய்விட்டது, ஒரு தட்டுச் சாப்பாடு மட்டும். எவ்வளவு கலோரி என்று போட்டிருப்பார். ஃபுட் பிராசஸரும் கெட்டிலும் இங்கேயும் வேண்டும். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புபவர்களுக்கு நல்ல புத்தகம். கை ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும்.

அடுத்தது '5 இன்கிரீடியன்ட்ஸ்', 2017. அதிகம் பேர் தொடங்குவது இதில்தான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் அமைப்பு. ஒவ்வொரு செய்முறைக்கும் ஐந்து பொருளின் படம் தனித்தனியாக இருக்கும், அளவோடு. செய்முறை ஒரே ஒரு பத்தி. எதிரே செய்து முடித்த உணவின் பெரிய படம். படிக்கவே தேவையில்லை, படத்தைப் பார்த்துக் கடைக்குப் போய்விடலாம். சமையல் புத்தகத்தைத் திறந்தால் பொருள் பட்டியலைப் பார்த்தே மலைத்துப்போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. நம் வீட்டுத் தாளிப்பை நினைத்துப் பாருங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். ஐந்து முடிந்தது, இன்னும் காயே வாணலிக்குள் விழவில்லை. அந்தப் பழக்கத்திலிருந்து வரும் ஒருவருக்கு ஐந்து பொருளில் ஒரு முழுச் சாப்பாடு என்பது புது உலகம்.

ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்த ஐந்துக்கு வெளியே இன்னொரு ஐந்து இருக்கிறது. சாதாரண ஆலிவ் எண்ணெய், எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய், ரெட் ஒயின் வினிகர், கடல் உப்பு, மிளகு. இவை வீட்டில் எப்போதும் இருக்கும் என்று ஜேமி எடுத்துக்கொள்கிறார். மாணவன் அறையில் இவற்றில் உப்பைத் தவிர எதுவும் இருக்காது. ஸ்பெயினில் மழை பொய்த்த பிறகு பிரிட்டனில் ஆலிவ் எண்ணெய் விலை எங்கே போனது என்று கடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். இரண்டு பாட்டில் வாங்கத் தேவையில்லை. அடுப்பில் சுடவைக்க சூரியகாந்தி எண்ணெய் போதும், மேலே ஊற்ற மட்டும் ஒரு சின்ன பாட்டில் நல்ல ஆலிவ் எண்ணெய். ரெட் ஒயின் வினிகருக்குப் பதில் எலுமிச்சை பிழிந்தால் பெரும்பாலானவற்றில் குறை தெரியாது.

இரண்டாவது, பொருள் ஐந்துதான், ஆனால் சில பொருள்களுக்குள்ளேயே பத்துப் பொருள் ஒளிந்திருக்கும். ஹரீஸா என்ற மிளகாய் விழுது, பெஸ்டோ என்ற இத்தாலியப் பச்சை விழுது போன்றவை ஒரே பொருளாக எண்ணப்படுகின்றன. ருசி பாதி அந்த ஜாடியில்தான் இருக்கிறது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. நாமும் சாம்பார் பொடியை ஒரு பொருள் என்றுதானே சொல்கிறோம்? ஆனால் ஒருவருக்குச் சமைக்கும்போது ஒரு ஸ்பூன் ஹரீஸா எடுத்துவிட்டு மீதி ஜாடியை ஃபிரிட்ஜில் வைத்தால், மூன்று வாரத்தில் மேலே வெள்ளை பூத்துவிடும். பகிர்ந்துகொள்ளும் ஃபிரிட்ஜில் ஒரு தட்டு மட்டுமே உனக்கு என்றால் இது இன்னும் சிரமம். ஆகவே இந்தப் புத்தகத்தை வாங்கினால் என் யோசனை இது: ஒரு ஜாடியைத் தேர்ந்தெடுத்து, அது வருகிற நான்கைந்து செய்முறைகளை அடுத்தடுத்துச் செய்துவிட வேண்டும். ஜாடி காலியானதும் அடுத்த ஜாடி. கடைச் செலவு நிஜமாகவே குறைவது இப்படிச் செய்யும்போதுதான்.

'7 வேஸ்' 2020-ல் வந்தது. பிரிட்டனில் மக்கள் வாரா வாரம் கூடையில் போடும் பொருள்களில் 18-ஐ எடுத்து, ஒவ்வொன்றிலும் ஏழு விதம். முட்டை, உருளைக்கிழங்கு, கோழி நெஞ்சுக்கறி, கொத்துக்கறி என்று எல்லாம் பழகியவைதான். ஏற்கெனவே சமைக்கிற, ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சாப்பிட்டு அலுத்துப்போன குடும்பங்களுக்கு இது சரி. தொடங்குகிறவருக்கு இன்னும் அலுப்பே வரவில்லை.

'ஒன்' என்ற புத்தகம் 2022-ல் வந்தது. ஒரே பாத்திரம். ஓவன் தட்டு, அல்லது சட்டி, அல்லது ஃபிரையிங் பான், ஏதோ ஒன்றிலேயே முழுச் சமையலும் முடியும். இதில் ஒரு விஷயத்தைச் செய்து பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் தனிப் பிரியம். பாஸ்தாவுக்கு ஒரு பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, வடிகட்டி, இன்னொரு பானில் சாஸ் செய்து, இரண்டையும் சேர்ப்பதுதான் வழக்கம். கழுவ மூன்று பாத்திரம். இதில் அப்படி இல்லை. கடையில் ஃபிரிட்ஜ் பகுதியில் லசான்யா தாள்கள், அதாவது அகலத் தகடாக வரும் புதிய பாஸ்தா கிடைக்கும். ஒருவருக்கு 125 கிராம். அவற்றை இரண்டு சென்டிமீட்டர் பட்டையாக நறுக்க வேண்டும். அகலமான ஃபிரையிங் பானில் பூண்டும் காயும் வதங்கிக்கொண்டிருக்கும்போது இந்தப் பட்டைகளை மேலே தூவி, கெட்டிலில் கொதித்த தண்ணீரை பாஸ்தா மூழ்கி மூழ்காமல் நிற்கிற அளவுக்கு ஊற்ற வேண்டும். நாலைந்து நிமிடம்தான். தண்ணீர் வற்ற வற்ற, பாஸ்தாவிலிருந்து வரும் மாவுச்சத்து அதில் கரைந்து, அந்தத் தண்ணீரே பளபளவென்று சாஸாகிவிடும். அந்தக் கணத்தில் ஃபிரையிங் பானை லேசாக ஆட்டினால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். கஞ்சி வடிக்காமல் சோறு பொங்குவதற்கும் இதற்கும் ஒரே தத்துவம்தான். சத்தும் ருசியும் வெளியே போகவில்லை.

பகிர்ந்துகொள்ளும் சமையலறையில் சண்டை வருவது பெரும்பாலும் சமையலால் வருவதில்லை, சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தால் வருகிறது. அந்த விதத்தில் 'ஒன்' மாணவர்களின் பக்கம் நிற்கிறது. ஒரு குறை என்றால், ஓவன் தட்டில் செய்பவை முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் எடுக்கும். கை வேலை பத்து நிமிடம்தான், ஆனால் பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பசிக்கத் தொடங்கும் முன்பே ஓவனில் வைக்கிற பழக்கம் வந்துவிட்டால் அதுவும் சரியாகிவிடும்.

இந்த எண்களுக்கெல்லாம் முன்னால் வந்த ஒரு புத்தகம் இருக்கிறது. அட்டையில் பெரிய எண் இல்லாததால் இப்போது பலர் கவனிப்பதில்லை. 'ஜேமிஸ் மினிஸ்ட்ரி ஆஃப் ஃபுட்', 2008. யார் வேண்டுமானாலும் 24 மணி நேரத்தில் சமையல் கற்றுக்கொள்ளலாம் என்பது அதன் துணைத்தலைப்பு.

அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 2005-ல் சேனல் 4-ல் பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி ஜேமி ஒரு தொடர் செய்தார். வறுத்த, பதப்படுத்திய உணவுதான் பிள்ளைகளின் தட்டில் விழுகிறது என்று நாடே பார்த்தது. அரசு 28 கோடி பவுண்டு அறிவித்தது. ஆனால் மறு வருடம் வட இங்கிலாந்தில் ரோதரம் என்ற ஊரில், ஒரு பள்ளியின் வேலி வழியாகத் தாய்மார்கள் சிலர் புதுச் சாப்பாடு பிடிக்காத பிள்ளைகளுக்குக் கடைச் சாப்பாட்டை வாங்கிக் கொடுத்தார்கள். பத்திரிகைகளில் பெரிய விவாதமானது. ஜேமியும் அப்போது கடுமையாகப் பேசினார். பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2008-ல் அதே ரோதரமுக்குப் போய், ஊருக்குள் ஒரு சமையல் கற்றுத்தரும் இடத்தைத் திறந்தார். சமையலே தெரியாத வீடுகளுக்குள் போய் உட்கார்ந்தார். கற்றுக்கொண்ட ஒவ்வொருவரும் இன்னும் இரண்டு பேருக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதுதான் விதி. 'பாஸ் இட் ஆன்' என்று அதற்குப் பெயர். மினிஸ்ட்ரி ஆஃப் ஃபுட் என்ற பெயரை அவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து எடுத்துக்கொண்டார். ரேஷனில் கிடைத்ததை வைத்து எப்படிச் சமைப்பது என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த அரசுத் துறை அது.

இந்தப் புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு செய்முறையும் ஒரு அடிப்படை வேலையைச் சொல்லித்தருகிறது. முட்டையை எப்படிக் கிளறுவது, கொத்துக்கறியில் ஒரு ஸ்டூ எப்படிச் செய்து அதையே இரண்டு மூன்று விதமாக மாற்றுவது, ஒரு முழுக் கோழியை எப்படி ஓவனில் சுடுவது. சமைக்கத் தெரிந்தவருக்கு இது சலிப்பாக இருக்கும். ஒன்றும் தெரியாதவருக்கு, தனக்கு வெட்கம் வராத மொழியில் எழுதப்பட்ட புத்தகம்.

ஜேமியின் இந்தப் பாணிக்கு ஓர் உதாரணம் அவருடைய ஒரு கப் பான்கேக். ஒரு முட்டை, ஒரு கப் செல்ஃப் ரெய்சிங் மாவு (உப்பவைக்கும் சோடா கலந்தே வரும் மைதா), ஒரு கப் பால், ஒரு சிட்டிகை உப்பு. தராசு வேண்டாம், எந்தக் கப்பாக இருந்தாலும் சரி. மாவுக்கும் பாலுக்கும் ஒரே கப் என்பதுதான் கணக்கு. அலமாரியில் இருக்கும் காபி மக்கே போதும். தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக வரும். நடுத்தரச் சூட்டில் கரண்டியால் ஊற்றி, மேலே சின்னச் சின்னக் குமிழ் வந்து உடைந்ததும் திருப்பிப் போட வேண்டும். சாதா மாவை எடுத்துவிட்டால் மட்டும் உப்பி வராது, அதில் சோடா கலப்பு இல்லை. அளவு மனசில் நிற்கிறது, தப்பு எங்கே வரும் என்பதும் தெரிகிறது. கற்றுத்தருவது என்றால் இதுதான்.

இந்த இடத்தில் ஜேமியை விட்டு ஒரு நிமிடம் வெளியே வருகிறேன். 'ஒரு கைப்பிடி, ஒரு சொட்டு' என்றால் சிலருக்குப் பதற்றம் வரும். எவ்வளவு என்று சொல்லுங்கள் என்பார்கள். என் கணவர் அப்படி. அவர்களுக்கு இன்னொரு பிரிட்டிஷ் டிவி சமையல்காரரான டெலியா ஸ்மித்தான் சரி. 1998-ல் 'ஹவ் டு குக்' என்ற பிபிசி தொடரிலும் அதே பெயர்ப் புத்தகத்திலும் முட்டை வேகவைப்பதிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுத்தார். இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்று சிலர் கேட்டார்கள், ஆனால் தெரியாதவர்கள் எவ்வளவு பேர் இருந்தார்கள் என்பது அந்தப் புத்தகம் விற்ற வேகத்தில் தெரிந்தது. டெலியா சொன்ன அளவில், சொன்ன நிமிடத்தில் செய்தால் சொன்ன மாதிரியே வரும். ஜேமியிடம் கற்றால் கை தளரும், டெலியாவிடம் கற்றால் கை நிதானப்படும். உன் சுபாவம் எது என்று உனக்குத்தான் தெரியும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இந்த எண் புத்தகங்களில் கறி, மீன் பக்கங்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருக்கும். அவர்களுக்கு 2019-ல் வந்த 'வெஜ்' இருக்கிறது. கறியும் மீனும் கிடையாது, சிலவற்றில் முட்டை மட்டும் உண்டு.

மறுநாள் சாயங்காலம் நானே போன் செய்தேன். அவனிடம் கேட்டது மூன்றே கேள்வி. எத்தனை பேருக்குச் சமைக்கிறாய்? எனக்கு மட்டும். சமையலறையில் உனக்கென்று என்ன இருக்கிறது? ஒரு பான், ஒரு கத்தி, கெட்டில். இதுவரை நீயாக என்ன செய்திருக்கிறாய்? கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மேகி, சித்தி."

அப்புறம் என்ன, முடிவு எளிதாகிவிட்டது. முதல் இரண்டு மாதம் 'மினிஸ்ட்ரி ஆஃப் ஃபுட்'. அதில் முட்டை, பான்கேக், ஒரு சூப், ஒரு கோழி, ஒரு பாஸ்தா, இவ்வளவும் புத்தகத்தைப் பார்க்காமல் வர வேண்டும். அதற்குப் பிறகு 'ஒன்'. '5 இன்கிரீடியன்ட்ஸ்' நல்ல புத்தகம்தான், ஆனால் ஜாடிகள் சேரும், கையில் இருக்கும் காசுக்கு அது மூன்றாவதாக வரட்டும். புதிதாக விலை கொடுத்து வாங்காதே, ஜேமியின் பழைய புத்தகங்கள் நன்கொடைப் பொருள்களை விற்கும் சாரிட்டி ஷாப்பில் குவிந்து கிடக்கும், நூலகத்திலும் இருக்கும் என்றேன். ஒரு பீலரையும் ஒரு சின்ன துருவியையும் நான் தபாலில் அனுப்பினேன். மழுங்கிய கத்தியோடு பூண்டு நறுக்கிக் கையை வெட்டிக்கொள்வதைவிடத் துருவிவிடலாம்.

"அப்ப அந்த 30 மினிட்ஸ்?" என்று விடாமல் கேட்டான். அந்த மெனுக்களின் படங்கள்தான் அவனை முதலில் இழுத்திருக்கின்றன, அதுவும் எனக்குப் புரிகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இங்கே வரும்போது செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஃபுட் பிராசஸர் இருக்கிறது, ஓவன் இருக்கிறது, சாப்பிட நான்கு பேர் இருக்கிறோம். வெங்காயம் அவன் நறுக்குவான், அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.